வேற்று மண்ணின் மரணங்களும் கேட்கப்படாத காரணங்களும்: கண்டிச் சீமையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் தம் நாட்டுக்கு வெளியே, தொழிலுக்காகவோ கல்விக்காகவோ சென்று வாழும் இடத்தில் இறந்துவிட்டால், அந்த இறப்பைச் சூழ்ந்து மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். இறந்த செய்தி உரியவர்களைச் சென்றடைய வேண்டும். இறப்புக்கான காரணத்தை அதிகாரம் உள்ள ஒருவர் எழுத வேண்டும். எழுதப்பட்ட காரணம் போதாதென்று தோன்றினால் அதனை மீண்டும் கேட்பதற்கு யாருக்கேனும் உரிமையும் வலிமையும் இருக்க வேண்டும். சொந்த ஊரில் நிகழும் மரணத்தில் இம்மூன்றும் ஏறக்குறைய தாமாகவே நடந்துவிடுகின்றன. கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணையில் ஒருவர் மௌத்தானால், அதாவது இறந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி சிறிது நேரத்தில் ஊருக்கு அறிவிக்கிறது. குளிப்பாட்டுபவர்கள் குடும்பத்தவர்களாகவோ அயலவர்களாகவோ இருப்பதால் உடலை நேரில் காண்கிறார்கள். நோயும் மருந்தும் கடைசி நாட்களும் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். கடல் கடந்த மரணத்தில் இவை அனைத்தும் அந்நிய அலுவலர்களின் கைக்குப் போகின்றன. அங்கே எழுதப்படும் ஒரு தாளே குடும்பத்துக்குக் கிடைக்கும் முழு உண்மையாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றியது. அது எவ்வாறு எழுதப்படுகிறது, எவ்வாறு செய்தியாகிறது, யாருடைய மரணத்தில் அது கேள்விக்குள்ளாகிறது, யாருடைய மரணத்தில் அதுவே முடிந்த முடிவாகக் கோப்பில் உறங்குகிறது என்பவற்றைக் கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து ஆராய்வது பொருத்தமானது. ஏனெனில் இந்தச் சீமை இரு நூற்றாண்டுகளில் இரு பக்கங்களையும் கண்டிருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் வேற்றுநாட்டார் வந்து வாழ்ந்து இறந்த இடமாக இருந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தன் மக்களை வளைகுடாவுக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பி, அவர்களில் சிலரைப் பெட்டியில் திரும்பப் பெறும் இடமாக இருக்கிறது.

கல்வெட்டில் ஒரு காரணம், கணக்கில் ஒரு மீதி

கண்டி தலதா மாளிகைக்குப் பின்புறம், அரும்பொருட் காட்சியகத்துக்கு அருகே உள்ள பிரித்தானியக் காவற்படைக் கல்லறைத் தோட்டம் சிறியது. ஆயினும் அங்குள்ள கற்களில் இறந்தவரின் பெயரும் வயதும் மட்டுமன்றி, எவ்வாறு இறந்தார் என்ற விபரமும் பல இடங்களில் காக்கப்பட்டுள்ளது. 1815 ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையோடு பெயர் இணைந்த சேர் ஜோன் டொய்லி 1824 இல் காய்ச்சலால் இறந்து இங்கு அடக்கப்பட்டார். ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபர்ட்சன் 1856 இல் காட்டு யானையால் கொல்லப்பட்டார் என்பதும், டேவிட் ஃபின்ட்லே 1861 இல் வீடு இடிந்து விழுந்து இறந்தார் என்பதும் இன்றும் அறியக் கிடைக்கின்றன. 1913 இல் ஜே. பென்றி லூயிஸ் என்ற குடியியல் அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். ஓர் அரசு தன் இனத்தவரின் மரணத்தை எவ்வளவு கருத்தோடு பதியும் என்பதற்கு அந்நூல் போதிய சான்றாகும்.

அதே பத்தாண்டுகளில் அதே மலைகளில் இன்னொரு கூட்டத்தாரும் அந்நியராக வாழ்ந்து இறந்துகொண்டிருந்தனர். கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரற்ற காட்டு வழியே தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்து கண்டியை அடைந்தனர். மாத்தளையிலிருந்து பலகடுவைக் கணவாயைக் கடந்து கண்டிக்கு இறங்கும் பாதை இன்றைய அக்குறணையின் ஊடாகவே செல்கிறது. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியில் கொன்றவர்களுக்குக் கல் நாட்டப்படவில்லை, பெயர் எழுதப்படவில்லை. 1849 இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' பத்திரிகை, 1841 முதலான ஆண்டுகளில் வந்தவர்களில் நாலிலொரு பங்கினர், அதாவது ஏறக்குறைய 70,000 பேர் மாண்டிருக்க வேண்டுமென்று எழுதியது. இந்த எண்ணிக்கை மிகையானதென்று பின்னர் வரலாற்றாசிரியர் சிலர் மறுத்திருக்கின்றனர். வந்தவர்களையும் திரும்பியவர்களையும் ஒப்பிடும் கணக்கில் பதிவில்லாமல் திரும்பிப் போனவர்களும் தங்கிவிட்டவர்களும் இறந்தவர்களாக எண்ணப்பட்டுவிடும் வாய்ப்பு உண்டு என்பதால் அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் விவாதத்தின் வடிவமே கவனிக்கத்தக்கது: ஒரு சாராரின் மரணம் கல்லில் தனித்தனியே வாசிக்கப்படும்போது, மற்றச் சாராரின் மரணம் கழித்தல் கணக்கின் மீதியாகவே அறியப்படுகிறது. மீதியைப் பற்றி எண்ணிக்கைச் சண்டை போடலாம். காரணம் கேட்க முடியாது.

இலங்கையில் பிறப்பு இறப்புக்களின் குடியியல் பதிவு 1867 இல் ஒழுங்குபெற்றது. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதைத் துரைமார் மீது கடமையாக்கும் கட்டளைச் சட்டம் 1872 இல் வந்தது. இரண்டும் வரும் முன்னே கோப்பியின் முதல் தலைமுறைத் தொழிலாளர் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தனர். தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணியின் கணக்கில் பெயர் வெட்டப்பட்டாலும் முற்பணக் கடன் பல வேளைகளில் உறவினர் தலையில் விழுந்தது. வெளிநாடு செல்லப் பட்ட கடன் இறந்தவரின் மனைவியைத் துரத்தும் இன்றைய நிலையோடு இதனை வைத்துப் பார்த்தால், நூற்றைம்பது ஆண்டு இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை.

அறிவிக்கும் கடமையும் அதன் எல்லையும்

இன்றைய உலகில் வேற்றுநாட்டவரின் மரணத்தை அறிவிக்கும் கடமை 1963 ஆம் ஆண்டின் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையில் வரையறுக்கப்பட்டுள்ளது. கொன்சியூலர் என்பது வெளிநாட்டிலுள்ள தம் குடிமக்களின் அன்றாட நலன்களைக் கவனிக்கும் தூதரகப் பணியைக் குறிக்கும். அவ்வுடன்படிக்கையின் 37 ஆவது உறுப்புரை, ஒரு நாட்டின் குடிமகன் இன்னொரு நாட்டில் இறந்தால் அந்நாட்டு அதிகாரிகள் உரிய தூதரகத்துக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டுமென்கிறது. 'தகவல் கிடைத்திருக்குமாயின்' என்ற நிபந்தனை அதில் உண்டு. அதைவிட முக்கியமாக, அறிவிக்க வேண்டியது இறந்த செய்தியை மட்டுமே. எப்படி இறந்தார் என்பதை விளக்கவோ பிரேத பரிசோதனை அறிக்கையைக் கையளிக்கவோ அவ்வுறுப்புரை கட்டாயப்படுத்தவில்லை.

காரணத்தை நோக்கி இன்னும் ஓரடி செல்லும் ஆவணம் 1990 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் உடன்படிக்கையாகும். அதன் 71 ஆவது உறுப்புரை, இறந்த தொழிலாளரின் உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப வசதி செய்வதையும் நட்டஈட்டு விடயத்தில் உதவுவதையும் தொழில் வழங்கும் நாட்டின் பொறுப்பாக்குகிறது. இலங்கை 1996 இல் இதில் இணைந்தது. ஆனால் இலங்கையர் மிகுதியாக உழைக்கும் சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றில் ஒன்றேனும் இதில் சேரவில்லை. அனுப்பும் நாடுகள் ஒப்பமிட்டு, பெறும் நாடுகள் ஒதுங்கி நிற்கும் ஒப்பந்தம் துக்க வீட்டுக்கு அனுப்பும் அனுதாபக் கடிதத்துக்கு மேல் பயன் தருவதில்லை.

இலங்கைக்குள் இந்தப் பணி 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது. பணியகத்தில் பதிவுசெய்து சென்றவருக்குக் காப்புறுதி உண்டு. பதிவில்லாமல் சென்றவரின் குடும்பம் பல வேளைகளில் தானே தூதரகத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இறந்த இலங்கையரின் மரணத்தைத் தூதரகம் பதிவுசெய்யும் அதிகாரம் 1981 ஆம் ஆண்டின் கொன்சியூலர் பணிகள் சட்டத்தில் உள்ளது. ஆயினும் தூதரகம் பதிவது அந்நாட்டு வைத்தியசாலை எழுதிக் கொடுத்த காரணத்தையே. தனியே காரணம் தேடும் கருவியோ ஆளணியோ தூதரகத்திடம் இல்லை.

அறிவிப்பின் பாதையில் இன்னொரு தடை, போலி விபரங்களோடு பயணிப்பதாகும். திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்து 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற ரிசானா நபீக்கின் கடவுச்சீட்டு அவரை 23 வயதினராகக் காட்டியது. பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு அப்போது வயது 17. அவரது பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அந்தக் குழந்தையின் மரணத்தில் பிரேத பரிசோதனை செய்யப்படவில்லை என்பதையும், வாக்குமூலம் பெறப்பட்டபோது தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை என்பதையும் மனித உரிமை அமைப்புகள் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டின. ஒரே வழக்கில் இரு மரணங்கள்: முதலாவதன் காரணம் அறிவியல் முறையில் ஆராயப்படாததால் இரண்டாவது நேர்ந்தது என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

காரணம் என்று எழுதப்படுவது

மரண சான்றிதழில் காரணம் எழுதுவதற்கு உலக சுகாதார அமைப்பு ஒரு படிவ முறையை வகுத்திருக்கிறது. இறுதியில் நேர்ந்தது என்ன, அதற்கு இட்டுச் சென்றது என்ன, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் அல்லது காயம் என்ன என்று ஒரு சங்கிலியாக அதனை எழுத வேண்டும். 'இதயத் துடிப்பு நின்றது', 'சுவாசம் நின்றது' போன்றவை இறக்கும் விதத்தைச் சொல்வன. காரணத்தைச் சொல்வன அல்ல. இதயம் நிற்காமல் எவரும் இறப்பதில்லை. ஆகவே இவற்றைத் தனிக் காரணமாக எழுதக் கூடாதென்பது வைத்திய மாணவர்களுக்கே கற்பிக்கப்படும் பாடம்.

வளைகுடாவிலிருந்து வரும் தாள்களில் மிகுதியாகக் காணப்படுவன இச்சொற்களே. 2021 பெப்ரவரியில் இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழ், 2022 உலகக் கிண்ணக் காற்பந்தாட்டப் போட்டி கட்டாருக்கு வழங்கப்பட்ட பின்னரான பத்தாண்டுகளில் அங்கு இறந்த தெற்காசியத் தொழிலாளரின் எண்ணிக்கையை அந்தந்த நாட்டு அரசுகளிடமிருந்து திரட்டி வெளியிட்டது. இந்தியர் 2,711, நேபாளியர் 1,641, பங்களாதேஷினர் 1,018, பாகிஸ்தானியர் 824, இலங்கையர் 557 என்று மொத்தம் 6,500 ஐத் தாண்டியது. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் ஆகிய நாட்டவரின் மரணங்களில் 69 சதவீதம் 'இயற்கை மரணம்' என்று வகுக்கப்பட்டிருந்தது. கட்டார் அரசு, இத்தனை இலட்சம் பேர் வாழுமிடத்தில் இவ்வெண்ணிக்கை எதிர்பார்க்கத்தக்கதே என்றும், இவர்கள் எல்லோரும் விளையாட்டரங்கக் கட்டுமானத்தில் ஈடுபட்டவர்கள் அல்லர் என்றும் பதிலளித்தது. போட்டிக்கான வேலைத்தளங்களில் தொழில் சார்ந்து இறந்தவர் மூவர் என்பதே ஏற்பாட்டாளரின் அதிகாரபூர்வக் கணக்காக இருந்தது. 2022 நவம்பரில் ஏற்பாட்டுக் குழுவின் தலைமை அதிகாரியே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் 400க்கும் 500க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையைச் சொன்னார்.

இந்த விவாதத்தில் பத்திரிகையாளர் பக்கமும் ஒரு பிழை நேர்ந்தது. 6,500 என்ற எண் பின்னர் பல செய்திகளில் 'அரங்கம் கட்டும்போது இறந்தவர்கள்' என்று திரிந்து பரவியது; மூலச் செய்தி அப்படிச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு அந்தத் திரிபைப் பிடித்துக்கொண்டு மூலக் கேள்வியையே தள்ளிவிட்டது. உண்மையான கேள்வி எண்ணிக்கை பற்றியது அன்று. புறப்படும் முன் வைத்தியப் பரிசோதனையில் தேறிய, முப்பது நாற்பது வயதுடைய ஆண்கள் இரவில் படுத்துக் காலையில் எழாமற்போனதை எந்த அடிப்படையில் 'இயற்கை' என்று எழுதினார்கள் என்பதே கேள்வி. கட்டார் அரசே அமர்த்திய சர்வதேசச் சட்ட நிறுவனமொன்று 2014 இல் இத்தகைய இதய மரணங்களைத் தனியே ஆராயவும், எதிர்பாராத மரணங்களில் பிரேத பரிசோதனைக்கு இடமளிக்கவும் பரிந்துரைத்திருந்தது. 2019 இல் இதயவியல் ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரை, 2009 முதல் 2017 வரை கட்டாரில் இறந்த 1,300க்கு மேற்பட்ட நேபாளியரின் தரவுகளை வெப்பநிலைத் தரவுகளோடு பொருத்திப் பார்த்து, 571 இதய மரணங்களில் 200 வரை உரிய வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டது.

கேள்வி கேட்டதால் விளைந்த பயனும் உண்டு. 2021 மே மாதத்தில் கட்டார் கோடைகால வெளிவேலைத் தடையை நீடித்து, ஜூன் முதலாந் திகதியிலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்விக்கலாகாதென்றும், வெப்பமும் ஈரப்பதனும் சேர்த்து அளக்கும் சுட்டெண் 32.1 பாகையைக் கடந்தால் எந்நேரமாயினும் வேலை நிற்க வேண்டுமென்றும் விதித்தது. இறந்தவர்களின் கோப்புகள் திறக்கப்படாவிட்டாலும், உயிரோடிருப்பவர்களுக்கு அக்கேள்வி நிழல் தந்தது.

உடல், பெட்டி, மையவாடி

வெளிநாட்டிலிருந்து வரும் உடல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகள் வாயிலால் வெளிவருவதில்லை. அது சரக்காகப் பதிவாகி, சரக்குப் பகுதியில் இறங்குகிறது. தகரம் உட்பூசிய பெட்டியும், உடல் பதனிடப்பட்டதற்கான சான்றிதழும், மரண சான்றிதழும், கடவுச்சீட்டு இரத்துச் செய்யப்பட்டதற்கான குறிப்பும், தூதரகத்தின் ஆட்சேபணையில்லைக் கடிதமும் உடன்வருகின்றன. அரபு மொழியிலுள்ள தாளுக்குச் சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பொன்று இருக்கும். தமிழில் ஒரு வரியும் இராது. அக்குறணையிலிருந்து வேன் பிடித்துச் சென்றவர்கள் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும் அந்தக் கணத்தில், இலங்கைச் சட்டம் அவர்களுக்கு அளித்துள்ள ஒரு வாய்ப்பைப் பற்றி அவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370 ஆம் பிரிவு, ஒருவர் தற்கொலை செய்துகொண்டதாகவோ, விலங்கினால் அல்லது இயந்திரத்தினால் அல்லது விபத்தினால் கொல்லப்பட்டதாகவோ, திடீரென அல்லது அறியப்படாத காரணத்தால் இறந்ததாகவோ தகவல் கிடைத்தால், மரண விசாரணை அதிகாரி உடல் இருக்கும் இடத்துக்குச் சென்று விசாரிக்க வேண்டுமென்கிறது. சட்டம் உடல் இருக்கும் இடத்தையே பேசுகிறது; உயிர் பிரிந்த இடத்தை அன்று. இதன் அடிப்படையிலேயே சந்தேகத்துக்கிடமான உடல்கள் விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படுகின்றன. இந்த ஏற்பாடு இலங்கைக்கு உள்ள மிகப் பெரிய பலம். ஆனால் அது பெரும்பாலும் குடும்பத்தின் ஐயத்தையோ ஆவணத்திலுள்ள 'இயற்கையல்லாத' என்ற குறிப்பையோ எதிர்பார்த்து நிற்கிறது. ஆவணம் 'இயற்கை' என்று சொல்லிக் குடும்பமும் பேசாதிருந்தால், 'அறியப்படாத காரணம்' என்ற சட்டச் சொல் உறங்கிவிடுகிறது.

இரண்டாம் பரிசோதனைக்கு இயல்பான வரம்புகளும் உள்ளன. பதனிடுவதற்காகச் செலுத்தும் போமலின் திரவம் நஞ்சுகள் பலவற்றைக் கண்டறியும் வாய்ப்பைக் கெடுக்கிறது. வாரக்கணக்கில் குளிரறையில் கிடந்த உடலில் மென்மையான காயங்களின் காலத்தைச் சொல்ல இயலாது. வெப்பத்தால் நேர்ந்த மரணம் உடலில் தெளிவான தடயம் விடுவதில்லை. எனவே இறந்த நாட்டிலேயே முதற்பரிசோதனை செம்மையாக நடப்பதற்கு ஈடாக எதுவுமில்லை. ஆயினும் எலும்பு முறிவு, பழைய காயத் தழும்பு, பட்டினியின் அடையாளம் என்பன பெட்டிக்குள்ளும் சாட்சி சொல்லும்.

முஸ்லிம் ஊர்களின் நிலை இங்கே தனித்துப் பேசப்பட வேண்டியது. ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, விரைந்து அடக்க வேண்டுமென்பது மார்க்கக் கடமை. உடலைக் கீறுவது மனத்துக்கு ஒவ்வாதது. சவூதி அரேபியாவில் மௌத்தானவரை அம்மண்ணிலேயே அடக்கிவிடச் சம்மதிப்பதைப் பல குடும்பங்கள் பாக்கியமாகக் கருதுகின்றன. மக்காவிலோ மதீனாவிலோ அடங்குவது என்றால் கேட்கவே வேண்டியதில்லை. ஊரில் காயிப் ஜனாஸாத் தொழுகை, அதாவது உடல் முன்னிலையில் இல்லாமல் தொழப்படும் இறுதித் தொழுகை, நடத்தப்படுகிறது. ஷாபிஈ மத்ஹபு என்ற சட்டப் பிரிவில் அதற்கு இடமுண்டு. இந்த நம்பிக்கை துக்கத்தை ஆற்றும் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நம்பிக்கையை அடக்கச் செலவையும் விசாரணையையும் தவிர்க்க விரும்பும் தொழில் வழங்குநர் வசதியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். அடக்கச் சம்மதமும் நட்டஈடு கோரும் அற்றோனித் தத்துவமும், அதாவது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுத்தில் வழங்கும் அதிகாரமும், ஒரே நாளில் ஒரே மேசையில் கையொப்பத்துக்கு நீட்டப்படும்போது, காரணம் கேட்கும் உரிமை எந்தத் தாளோடு போயிற்று என்பது குடும்பத்துக்குத் தெரியாமலே போகிறது. அநியாயமாகப் போன உயிருக்குப் பரிகாரம் கேட்பதையும் அதே மார்க்கம் உரிமையாக்கியிருக்கிறது. இரத்தப் பணம் எனப்படும் தியா அந்த உரிமையின் சட்ட வடிவமே. காரணம் நிறுவப்படாத இடத்தில் தியாவும் எழாது.

பெருந்தொற்றுக் காலம் இந்த உறவைத் தலைகீழாக்கிக் காட்டியது. 2020 மார்ச் இறுதியில் அக்குறணை முடக்கப்பட்டது. அடுத்த மாதம் வெளியான வர்த்தமானி கொவிட் நோயால் இறந்த அனைவரையும் எரிக்கக் கட்டாயப்படுத்தியது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்து, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கும் வரை, பரதேசத்தில் மௌத்தான இலங்கை முஸ்லிமுக்குக் கிடைத்த கப்று, அதாவது மண்ணறை, தாய்நாட்டில் மௌத்தானவருக்குக் கிடைக்கவில்லை. நிலத்தடி நீர் மாசுறும் என்ற வாதத்துக்கு அறிவியல் ஆதாரம் கேட்டவர்களுக்கு மாதக்கணக்கில் பதிலில்லை. தன் நாட்டு மரணத்திலேயே காரணமும் ஆதாரமும் கேட்டுப் பெற முடியாத சமூகம் பிறநாட்டு அலுவலரிடம் அவற்றைக் கேட்கத் தயங்குவதில் வியப்பில்லை.

மீண்டும் கேட்டவர்கள்

எழுதப்பட்ட காரணத்தை மறுத்து மீண்டும் கேட்ட வழக்குகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் விடாப்பிடியான ஒரு குடும்பமும், அதன் குரலை எடுத்துச் செல்லும் ஒரு நிறுவனமும் இருந்தமை தெரிகிறது. 1979 மே மாதத்தில் ஜித்தாவில் இறந்த பிரித்தானியத் தாதி ஹெலன் ஸ்மித், மதுவிருந்தொன்றில் மாடியிலிருந்து தவறி விழுந்தார் என்று சவூதி அதிகாரிகள் முடிவுசெய்தனர். முன்னாள் பொலிஸ்காரரான தந்தை ரொன் ஸ்மித் அதனை ஏற்கவில்லை. உடல் லீட்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டபோது, வெளிநாட்டு மரணத்தை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லையென்று அங்குள்ள மரண விசாரணை அதிகாரி மறுத்தார். 1982 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், உடல் தம் எல்லைக்குள் இருக்குமாயின் மரணம் எங்கு நேர்ந்திருப்பினும் விசாரிப்பது கடமை என்று தீர்த்தது. அந்த ஆண்டிறுதியில் யூரிமார் காரணத்தை நிறுவ முடியாதென்ற திறந்த தீர்ப்பையே வழங்கினர். மகளின் உடலைத் தந்தை 2009 வரை அடக்கவில்லை. அவர் தேடிய பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கான பிரித்தானியக் குடும்பங்களுக்கு விசாரணை உரிமையாயிற்று.

இலங்கை மண்ணில் இறந்த வெளிநாட்டவர் வழக்கில் இதே பொறிமுறை எதிர்த்திசையில் இயங்கியது. செஞ்சிலுவைச் சங்கப் பணியாளரான பிரித்தானியர் குராம் ஷேக் 2011 நத்தார் தினத்தன்று தங்காலை விடுதியொன்றில் கொல்லப்பட்டார். சந்தேக நபர்களில் ஒருவர் தங்காலைப் பிரதேச சபையின் தலைவராகவும் ஆளுங்கட்சிக்காரராகவும் இருந்தார், வழக்கு நீண்டது. குடும்பமும் அவர்களுடைய தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரும் பிரித்தானிய அரசும் இடைவிடாது கேட்டுக்கொண்டேயிருந்தமையால் 2014 இல் பிரதேச சபைத் தலைவர் உட்பட நால்வருக்கு 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தங்காலையில் அதே காலத்தில் கொல்லப்பட்ட உள்ளூர்வாசி ஒருவருக்காக இலண்டனிலிருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும், வளைகுடாவில் இறக்கும் இலங்கையருக்காகக் கொழும்பிலிருந்து இப்படிக் கேட்டதில்லை என்பதும் சேர்த்து நினைக்க வேண்டியவை.

இலங்கைக் குடும்பமொன்று ஒரு வல்லரசைக் கேள்வி கேட்ட வரலாறும் உண்டு. ஜப்பானில் மொழி கற்கச் சென்ற விஷ்மா சந்தமாலி, 2020 ஓகஸ்டில் தம்மைத் துன்புறுத்திய துணைவரிடமிருந்து பாதுகாப்புத் தேடிப் பொலிஸாரிடம் சென்றபோது, வீசா காலாவதியானதற்காகத் தடுத்துவைக்கப்பட்டார். நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் ஏறத்தாழ 20 கிலோ எடை இழந்து, உணவு தங்காமல், வெளி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும்படி கேட்டும் கிடைக்காமல், 2021 மார்ச் 6 ஆம் திகதி 33 ஆவது வயதில் இறந்தார். அவரது சகோதரிகள் ஜப்பானுக்குச் சென்று, கண்காணிப்புக் கமராப் பதிவைக் காட்டும்படி கேட்டனர். முதலில் சுருக்கிய பகுதிகள் மட்டுமே காட்டப்பட்டன. பின்னர் நட்டஈட்டு வழக்கில் ஐந்து மணிநேரப் பதிவு 2023 இல் திறந்த நீதிமன்றத்திலேயே ஓடியது. ஜப்பான் அரசு கொண்டுவந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் 2021 மே மாதத்தில் கைவிடப்பட்டதற்கு இம்மரணம் எழுப்பிய கொந்தளிப்பு முக்கிய காரணம். அத்திருத்தம் 2023 இல் மீண்டும் வந்து நிறைவேறியது. அதிகாரிகள் மீது குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. கிடைத்த வெற்றிகளில் பெரும்பங்கு ஜப்பானியச் சட்டத்தரணிகளுக்கும் மாணவர்களுக்கும் உரியது. இலங்கை அரசின் பங்கு மிகச் சிறியது.

2021 டிசெம்பர் 3 ஆம் திகதி பாகிஸ்தானின் சியால்கோட்டில் மதநிந்தனை செய்தாரென்று கூட்டத்தாரால் கொல்லப்பட்ட தொழிற்சாலை முகாமையாளர் பிரியந்த குமாரவின் வழக்கு இதற்கு நேர்மாறான வேகத்தில் முடிந்தது. மூன்றே நாளில் உடல் கொழும்புக்கு வந்தது. ஐந்து மாதங்களுக்குள் பயங்கரவாத எதிர்ப்பு நீதிமன்றம் 88 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு அறுவருக்கு மரண தண்டனையும் ஒன்பதின்மருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. கொலை கைத்தொலைபேசிகளில் பதிவாகி உலகமே பார்த்திருந்தது. படுக்கையில் இறந்துகிடப்பவருக்கு அத்தகைய சாட்சி இல்லை. அவருக்காகவே விசாரணை முறை ஒன்று தேவைப்படுகிறது.

இப்பட்டியலின் அண்மைய வரவு போர்க்களம். ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்ந்துள்ளனர் என்றும் அவர்களில் 59 பேர் இறந்துவிட்டனர் என்றும் 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். இவர்களில் பலருடைய உடலே வராதபோது 370 ஆம் பிரிவுக்கும் வேலையில்லை.

செய்தியின் மொழி

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இத்தகைய மரணங்கள் வழக்கமாக ஒற்றைப் பத்தியில் வருகின்றன. 'மர்மமான முறையில்', 'சடலமாக மீட்பு', 'சோகத்தில் ஆழ்த்தியுள்ளது' என்ற தேய்ந்த தொடர்களோடு, தூதரகமோ பொலிஸோ சொன்னது அப்படியே அச்சாகிறது. சடலம் வந்து அடக்கம் முடிந்தால் செய்தியும் முடிகிறது. தொழில் வழங்குநர் யார், வேலை நேரம் எத்தனை, முன்பு முறைப்பாடு செய்திருந்தாரா, பிரேத பரிசோதனை நடந்ததா, அறிக்கை கேட்கப்பட்டதா என்ற ஐந்து வினாக்களை நிருபர் கேட்டு எழுதினால் போதும்; பதில் கிடைக்காத வினாவைப் பதில் கிடைக்கவில்லை என்றே அச்சிடலாம். நேபாளத்தின் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் தம் நாட்டுத் தரவுகளை வயது வாரியாகவும் காரணம் வாரியாகவும் திரட்டி வைத்திருந்ததாலேயே கட்டார் பற்றிய வெப்ப ஆய்வு சாத்தியமாயிற்று. 557 இலங்கையர் பற்றி அத்தகைய ஆய்வொன்று இலங்கையில் எழுந்திருக்க வேண்டும். அதனை நடத்தக்கூடிய மருத்துவ பீடம் அக்குறணையிலிருந்து அதிக தூரமில்லாத பேராதனையிலேயே இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது அரிதானதன்று. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் உடலையும், ஆவணம் என்ன சொன்னாலும், 'அறியப்படாத காரணம்' என்ற சட்டச் சொல்லுக்குள் கொண்டுவந்து சட்ட வைத்திய அதிகாரியின் பார்வைக்கு உட்படுத்தலாம். கீறாமல் மேற்பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் எடுப்பது மார்க்க உணர்வுக்கும் பாதகமாகாது. பணியகம் ஆண்டுதோறும் மரணங்களை நாடு, வயது, தொழில், எழுதப்பட்ட காரணம், பரிசோதனை நடந்ததா என்ற விபரங்களோடு வெளியிடலாம். புதிய தொழில் ஒப்பந்தம் எதிலும் பிரேத பரிசோதனை அறிக்கையைக் கையளிக்கும் கடமையை ஒரு நிபந்தனையாக்கலாம்.

அதுவரை குடும்பங்கள் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடக்கச் சம்மதத்திலோ அற்றோனித் தத்துவத்திலோ கையொப்பமிடும் முன், வைத்தியசாலையின் முழு அறிக்கையையும் பொலிஸ் அறிக்கையையும் எழுத்தில் கேட்க வேண்டும். சம்மதத் தாளிலேயே 'காரணம் அறியும் உரிமை விட்டுக்கொடுக்கப்படவில்லை' என்று ஒரு வரி சேர்க்கும்படி வற்புறுத்த வேண்டும். இதில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரின் சட்டத்தரணிகளும் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும். 2034 உலகக் கிண்ணப் போட்டி 2024 டிசெம்பர் 11 ஆம் திகதி சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டுவிட்டது. அரங்கங்களுக்கும் வீதிகளுக்கும் ஆட்திரட்டல் தொடங்கியாயிற்று.